நகராத பொருள்

மேலத்தெரு அன்று காலை பதினோரு எட்டுத் தூரம் வடக்கே நகர்ந்து போயிருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வழக்கத்தைவிட அதிகமாக நடந்தபோதுதான் முப்பிடாதி கவனித்தாள். வடக்கே குளம். தெருவின் வடகோடி வீடு அவளுடையது. அங்கே ஏழு வயது மகள் செல்வடிவு காய்ச்சலில் படுத்திருந்தாள். மருந்தோடு மத்தியானம் வருவதாக அவளிடம் சொல்லியிருந்தாள்.

தெரு நகர்ந்ததில் முப்பிடாதிக்கு ஆச்சரியமில்லை. படத்தில் எங்கே இருக்கிறதோ, ஊரிலும் அங்கேதான் இருக்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் வரைபடத்தின் மேல் விரித்து, அசையாத நான்கு இடங்களில் புள்ளி குத்தி நிறுத்துவது அவள் வேலை. மேலத்தெருவைப் பிடித்திருந்தது நான்காவது புள்ளி. நாற்சந்தியில் கறுப்பாக, மதகுக்கல் மாதிரி ஒன்று தெரிந்தது. அதில் குத்தியிருந்தாள்.

அலுவலகத்தில் படத்தைப் பெரிதாக்கினாள். மதகுக்கல்லுக்கு வால் இருந்தது.

“சுடலையாண்டி எருமைல்லா இது?” என்றார் அதிகாரி தனராஜ்.

“ஆமா சார். அன்னைக்குப் படுத்துக் கெடந்துருக்கு. இப்ப எந்திச்சுட்டு.”

“எருமை மேல மழை பெஞ்ச மாதிரின்னு சொல்லுவாவளே, அந்த நம்பிக்கைல குத்திட்டியாக்கும்?”

“கரண்டு கம்பத்துக்கு மாத்திருதேன் சார்.”

புள்ளியை மாற்ற அவர் ஒரு படிவத்தை நீட்டினார். நகரமாட்டேன் என்று அந்தப் பொருளே கையெழுத்துப் போட வேண்டும். கம்பத்துக்குக் கை கிடையாது.

மருந்தை வாங்கிக்கொண்டு நாற்சந்திக்கு ஓடினாள். எருமை குளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. கயிற்றின் மறுமுனையில் சுடலையாண்டி இழுபட்டுக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்கண்ணே!”

“வெயில் நேரம் தாயி. குளத்தைக் கண்டுட்டா நான் சொன்னா கேக்குமா?”

அது ஓர் எட்டு வைத்தால் முப்பது வீடுகளும் ஓர் எட்டு வைத்தன. திண்டாட்டம் எருமைக்கு இல்லை. வடகோடி வீட்டுப் படியைத் தண்ணீர் தொட்டது. முப்பிடாதி படிவத்தை எருமையின் முதுகிலேயே வைத்து, பொருள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தெரு நின்றது. எருமை அவளைத் தாண்டிப் போய்க் குளத்தில் இறங்கியது.

“இனிமே அது பாட்டுக்குப் போலாம்லா?” என்று கேட்டுவிட்டுச் சுடலையாண்டி பின்னாலேயே போனார்.

மாலையில் தனராஜ் ஸ்கூட்டரில் வந்து அவளைச் சுற்றிப் பார்த்தார்.

“நல்லாத்தான் நிக்கே. அடுத்த படம் மூணு வருசம் கழிச்சுதான் எடுப்பாவ.”

ஸ்கூட்டர் போனது. நாற்பது எட்டுத் தள்ளி வாசலில் மகள் தூங்கி எழுந்து வந்து நின்றாள்.

“எம்மா, மருந்து?”

ஓடிப்போய் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும் போல் முப்பிடாதிக்குத் தவித்தது. ஓர் எட்டு வைத்தாள். வீடும் ஓர் எட்டுப் போனது. மகளின் பாதம் நனைந்தது. வைத்த காலைப் பழைய இடத்துக்கே எடுத்துக்கொண்டாள். தண்ணீர் விலகியது.

“நீ இங்கன வாட்டி. போர்வையும் எடுத்துக்கோ.”

மகள் நடந்து வந்தாள். முப்பிடாதி எட்டுகளை எண்ணினாள். பிள்ளைக் கால்களுக்கு அறுபத்திரண்டு. தூக்கியபோது நெற்றி கொதித்தது. மூடியில் ஊற்றி மருந்தைக் கொடுத்தாள்.

“வீட்டுக்குப் போலாம்மா.”

நேர் எதிரே வீடு தெரிந்தது. கதவு திறந்திருந்தது.

“அந்தா இருக்கு பாரு,” என்றாள் முப்பிடாதி.