சொன்னால் நடந்துவிடும்

மருத்துவமனையின் ஆலோசனை அறையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் மருத்துவர், மற்ற மூன்றில் ஒரே குடும்பத்தார். நடுவில் இருந்தவள் நோயாளி. நுரையீரல் நாரேறிச் சுருங்கிவந்தது. மூக்கடியில் ஆக்சிஜன் குழாய். மீளாத நிலையில் நினைவு தப்பினால் தன்னைச் செயற்கை சுவாசக் கருவியில் இருத்தலாகாது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வந்திருந்தாள். தன் வாய் பேசாத நாளில் தனக்காகப் பேச ஒருவரை அவள் நியமிக்க வேண்டும்.

கணவர் அதே மருத்துவமனையில் சுவாசக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். செவிலியர் அவரை 'மூச்சுக்காரர்' என்பார்கள். நின்றுபோன கருவியின் முன் அமர்ந்தால், அது மீண்டும் இயங்கும்வரை எழுந்திரார். தம் தாயையும் அப்படியே காத்தார். மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த பின்னும், ஒரு கருவி சோர்ந்தால் இன்னொன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். காற்று வந்து போயிற்று, தாய் வரவில்லை.

அப்போது, போதும், அத்தையை விட்டுவிடுங்கள் என்று சொன்னவள் ஒருத்திதான்: அவருடைய தம்பி மனைவி. நாக்கின் கூர்மைக்காகக் 'கத்தரி' என்று வீட்டார் அழைத்தவள் அன்றுமுதல் கல்நெஞ்சுக்காரி ஆனாள். மூத்த மருமகளான நோயாளியும் அதன்பின் அவளோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை. இன்று அவளைத்தான் வரவழைத்திருந்தாள்.

எழுதப்போவது தம் பெயரைத்தான் என்றெண்ணிக் கணவர் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். மனைவி திரும்பி ஓரகத்தியைக் காட்டவும் அதை மறுபடி மாட்டினார்.

"என்னைவிட அவளா உனக்கு வேண்டியவ?"

"நீங்கதாங்க வேண்டியவர். அதனாலதான் சொல்றேன். கெட்டுப்போன மிக்ஸியையே தூக்கிப் போட மனசு வராது உங்களுக்கு. என்னையா விடப்போறீங்க?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கணவர் சிரிக்கவில்லை.

மூத்தவள் மூச்சு வாங்கி வாங்கித் தன் நியாயத்தைச் சொன்னாள். இறைவன் தந்த மூச்சு. அவன் கேட்கும்போது கைகூப்பிக் கொடுத்துவிட வேண்டும். அன்பு கொண்டவர்கள் வாசலை அடைத்து நிற்பார்கள். வழிவிடும் மனம் இந்தக் குடும்பத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. இத்தனை நாள் பழித்த கல்லையே இன்று படியாகக் கேட்கிறோம் என்பதை அவள் அறியாமலில்லை.

 இளையவள் பதில் சொன்னபோது குரலில் கூர்மை இல்லை.

"அக்கா, அன்னிக்கு யாரும் கேக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். சொல்றது லேசா இருந்துச்சு. இப்ப நான் சொன்னா நடந்துடும்."

மூத்தவள் திகைத்தாள். உறுதி என்று அவள் நம்பி வந்தது, செவிசாய்ப்பார் இல்லாதவளின் வெறும் துணிச்சல்தானா? சாவுக்கு அஞ்சாமல் வந்தவளை அப்போதுதான் அச்சம் பற்றியது: தனக்காகப் பேசுவார் எவருமின்றி, மாமியாருக்குப் போலவே தன் உடலிலும் காற்று மட்டும் வந்து வந்து போகுமோ?

சம்மதமில்லாவிட்டால் வேண்டாம் என்றாள்.

"சம்மதம் இல்லைன்னு சொல்லல, பயமா இருக்குன்னு சொல்றேன். பழைய பகையைத் தீர்த்துக்கிட்டாள்னுதானே நாலு பேர் பேசுவாங்க? அத்தானும் பக்கத்துல நிக்கட்டும்."

இருவரையும் நியமிக்கலாம், மேலே எழுதப்படுபவரின் சொல்லே முதலில் கேட்கப்படும் என்றார் மருத்துவர். கணவர் பேனாவின் மூடியை மீண்டும் கழற்றி, தாளில் மேலே இடம் விட்டுத் தம் பெயரை எழுதினார்.

"எழுதிட்டீங்க. நிப்பீங்களா?" என்றாள் மனைவி.

ஆறுதல் சொல்ல வாயெடுத்தார், பொய் வரவில்லை.

"தெரியலம்மா. நிக்கணும்னுதான் நினைக்கிறேன். அந்த நேரத்துல என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

"அப்போ அவ பேரு மேல இருக்கட்டும்."

இளையவள் மறுக்கவில்லை. அவர் பெயருக்கு மேலிருந்த வெற்றிடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். பின்பு அக்காளின் மணிக்கட்டைப் பற்றினாள். ஆறுதலுக்கென்றால் அவ்வளவு இறுக்கம் வேண்டியதில்லை.