குடிப்பழக்கம்: இல்லை

எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. வருடா வருடம் கம்பெனியில் உடல் பரிசோதனை நடக்கும். அதற்கு முந்தைய நாள் ஒரு தாளை மடித்து சட்டைப்பையில் வைத்துக் கொண்டு வருவார். முதல் தடவை நிரப்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது. பெயர், வயது, எடை எல்லாம் எழுதிவிட்டு ஒரு கட்டத்தில் நின்றேன். குடிப்பழக்கம் உண்டா?

"இல்லைன்னு போடு ஆபீசரு," என்றார் அப்பா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "குடிக்கிறவன்னு தெரிஞ்சா மெஷின்ல நிக்க விடமாட்டாங்க."

"குடிச்சாத்தானே உங்க கையே நிக்குது?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அம்மா சமையலறையிலிருந்து, "எழுதித் தொலைடி. நம்ம வீட்டு நாத்தத்த ஊருக்கெல்லாம் ஏன் தெறந்து காட்டணும்?" என்றாள்.

எழுதினேன். பயந்துகொண்டு இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டு. குடிகாரர் மகள் என்று என் கையெழுத்திலேயே ஒரு தாள் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. கம்பெனி டாக்டர் என் தாளைப் பார்த்தார். குடிப்பழக்கம் இல்லை. சரி, கொழுப்பாக இருக்கும் என்று நினைத்து, 'எண்ணெயைக் குறைக்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டார். அம்மா எண்ணெயை நிறுத்தினாள். நாங்கள் மூன்று பேரும் வறட்டுப் பண்டம் தின்றோம். அப்பா அதைத் தொட்டுக்கொண்டே குடித்தார்.

நான் பட்டம் வாங்கிய அன்று அவர் குடியை விட்டார். நிஜமாகவே விட்டார். மூன்று வருடம், ஒரு சொட்டு கிடையாது. என் படிப்புதான் அவரைத் திருத்தியது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்தே எழுதினேன். இப்போது அது பொய்கூட இல்லையே!

போன மாதம் அவருக்கு வயிறு உப்பியது.

ஈரல் டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் வயதில் மூத்தவர் போலிருந்த ஒரு பெண். ஈரலில் கட்டி தெரிந்த ஸ்கேன் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, கம்பெனிக் கோப்பைப் புரட்டினார்.

"ஆறு வருஷமும் குடிப்பழக்கம் இல்லைன்னு இருக்கு. ஆனா உங்க ஈரல் அப்படிச் சொல்லலையே?"

அப்பா என்னைப் பார்த்தார். கேள்வி கேட்டால் என்னைப் பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது.

"தினமும் குடிப்பார். இருபது வருஷத்துக்கு மேல," என்றேன். "விட்டு மூணு வருஷம் ஆச்சு. அந்தப் படிவத்தையெல்லாம் எழுதினது நான்தான்."

"நான்தான் எழுதச் சொன்னேன் டாக்டரம்மா. அவ சின்னப் புள்ள அப்போ."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அதான் விட்டுட்டேனே, அப்புறம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் அப்பா.

"விட்டது நல்லது. விடலைன்னா இன்னும் முன்னாடியே படுத்திருப்பீங்க. ஆனா அதுக்குள்ள ஈரல் முழுக்கத் தழும்பாயிடுச்சு. குடி செல்லைக் கொல்லும், ஈரல் புதுசா வளர்க்கும். திரும்பக் கொல்லும், திரும்ப வளர்க்கும். இருபது வருஷம் இப்படியே வளர்த்துட்டிருந்தா ஏதோ ஒண்ணு தப்பாப் பொறந்து புற்றுநோய்க் கட்டியாயிடும். தழும்பு போகாது. அதனால குடிய விட்டவங்களுக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டே இருப்போம். குடிச்சவருன்னு தெரிஞ்சிருந்தா உங்களையும் பார்த்திருப்போம்."

"எனக்கு வலிக்கவே இல்லையே?"

"ஈரல் வலிக்காது. சொல்லாமலே கெடும்."

அப்பா திரையைப் பார்த்தார். "கட்டி எத்தனை மில்லி?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன், "அவர் கடைசல்காரர். அளவு கேக்குறார்."

"தொண்ணூத்திரெண்டு மில்லிமீட்டர்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துப் பிடித்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் ஒரு மயிரிழை பிசகியிருக்காது. அந்தக் கை இப்போது நடுங்கவும் இல்லை.

"எத்தனையில புடிச்சிருந்தா எடுத்திருக்கலாம்?"

"இருபதுக்குள்ளன்னா வெட்டியோ சுட்டோ எடுக்கப் பார்த்திருப்போம். இப்ப ரத்தக்குழாய் வழியா மருந்து விட்டு, வளராமப் பிடிச்சு வைக்கப் பார்க்கலாம். அவ்வளவுதான்."

விரல்களை இருபதுக்குக் குறுக்கினார். மறுபடி தொண்ணூற்றிரண்டுக்கு விரித்தார். நடுவில் எழுபத்திரண்டு. ஆறு தாள்.

வராந்தாவில் நர்ஸ் அனுமதிப் படிவத்தைக் கொடுத்தாள். அதே கட்டம். எவ்வளவு, எத்தனை வருடம்?

"அரை பாட்டில்னு எழுதவா?"

"ஞாயித்துக்கிழம முழுசு. அதையும் போடு." படிவத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தப் பழைய பேப்பர்ல உன் பேரு எங்கயும் இல்லையே? நாளைக்கி உன் மேல எதுவும் வந்துடாதே?"

சாகப்போகிற மனுஷன் கேட்கிற கேள்வியா இது? கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, என் மேலா, பிரித்துப் பார்க்க அப்போது தெம்பில்லை.

"இல்லப்பா. எல்லாத்துக்கும் கீழ நீங்க போட்ட கையெழுத்துதான் இருக்கு."

"நல்லவேளை," என்றார். பேனாவை வாங்கி, நான் எழுதிய வரியின் கீழே, நான் பள்ளியில் படிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்த தன் பெயரை, எழுத்தெழுத்தாகப் போட்டார்.