மிளகும் நாரத்தங்காயும்

தட்டில் பூமி ஒரு மிளகாக இருந்தது. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி ஒரு நாரத்தங்காய் உட்கார்ந்திருந்தது.

வாஞ்சிநாதன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். தட்டு அவனுடையதுதான். மிளகுச் சரக்கின் மாதிரியைக் கொட்டிப் பார்க்கிற பித்தளைத் தட்டு. ஊர்ப்பீதியில் கடையை அடைத்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தது, இப்போது ஜன்னலோர முக்காலியில் இருந்தது. அதில் மிளகும் கடுகும் ஜாதிக்காயும் எலுமிச்சம்பழமும் வரிசை கட்டி நின்றன.

"இது என்ன கூத்து, சீதே?"

"கூத்தொண்ணும் இல்லை. கிரகங்கள்."

சீதாலக்ஷ்மி சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். நிறைமாதம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். பிரசவத்துக்காக லீவில் இருந்தாள்.

"நேத்திக்கு என் கிளாஸ் பொண்கள் வந்திருந்தாளே. 'டீச்சரே, லோகம் அவசானிக்குமோ, அழிஞ்சுடுமோ'ன்னு கேட்டுண்டு ரெண்டு பொண் தேம்பித் தேம்பி அழறது. அதுகளுக்குக் கிரகங்களோட வலுப்பம், எது பெரிசு எது சின்னதுன்னு, காட்டலாம்னு பண்ணினேன். பூமி இந்த மிளகுன்னா, இந்தப் பொடிக் கடுகு சந்திரன். நீங்க அரிச்சுக் கழிக்கிற பொடி மிளகு செவ்வாய். ஜாதிக்காய் ரெண்டும் யுரேனஸ், நெப்டியூன். அதுகளை நம்ம பஞ்சாங்கக்காராளுக்குத் தெரியாது. காகித வளையம் போட்டுண்டிருக்கே எலுமிச்சை, அது சனி. இந்த நாரத்தங்காய் வியாழன். அதைச் சுத்தற சந்திரன்கள்லே ஒண்ணு, புதனைவிடப் பெரிசு, தெரியுமோ?"

"சூரியன் எங்கே?"

"அதுக்கு நம்மாத்து அண்டாவைத்தான் கவுக்கணும்."

"கேது?"

"கேது நிழல்னா. நிழலுக்கு நான் எந்தச் சாமானை வைக்கறது?"

வேறொரு நாளாயிருந்தால் வாஞ்சி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்றைக்கு அவன் கண் நாரத்தங்காயை விட்டு நகரவில்லை.

அன்று ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடியிருந்தன. ஒரு மாதமாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் உலகம் அழியப்போகிறது என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கோயில்களில் ஹோமப்புகை அடங்கவில்லை. மிளகு மூட்டைகள் ஏற்ற ஆள் இல்லாமல் கிடந்தன. அடுத்த வீட்டுத் தேயிலைக் கம்பெனிக் குமாஸ்தா பிச்சுமணி தினம் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார்.

"வாஞ்சீ, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல கண்டம்டா. எட்டும் ஒரே பக்கமா நின்னு இழுத்தா, சமுத்திரம் சும்மா இருக்குமா? கொச்சிதான் முதல் பலி. பாலக்காடு மேடு, அங்கே வெள்ளம் ஏறாது. நான் பெண்டாட்டி பிள்ளைகளை வியாழக்கிழமையே அனுப்பிச்சாச்சு. நீ என்னடா, மசக்கைக்காரி மாதிரி யோசிச்சுண்டே இருக்கே!"

இது வரைக்கும் வாஞ்சி பாதி நம்பினான், பாதி நம்பவில்லை. தட்டு அந்த நம்பாத பாதியையும் தின்றுவிட்டது.

அவன் தொழில் அப்படி. மிளகுத் தரகனுக்குத் தட்டுதான் வேதம். இரண்டு தோட்டத்துச் சரக்கை ஒரே தட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் கொட்டுவார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரு பார்வை பார்ப்பார்கள். எது பெருத்தது எது சிறுத்தது என்று தட்டு சொல்லிவிடும். சரக்கு வயநாட்டிலிருந்து வந்ததா, பக்கத்துத் தோப்பிலிருந்து வந்ததா என்று தட்டில் எவனும் கேட்பதில்லை. இப்போதும் வாஞ்சி அந்த ஒரு பார்வைதான் பார்த்தான். இத்தனூண்டு மிளகு. அதை நோக்கி இவ்வளவு பெரிய நாரத்தங்காய், எலுமிச்சை, பின்னால் ஒரு அண்டா. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கமாய் இழுத்தால்?

அந்த மிளகின் மேல் அவன் வீடு இருந்தது. வீட்டில் அவள் இருந்தாள். அவளுக்குள் குழந்தை இருந்தது.

"கிளம்பு. வள்ளம் பிடிச்சு எர்ணாகுளம் போய் வண்டி ஏறிடலாம். ராத்திரிக்குள்ளே பாலக்காடு."

சீதாவின் முகம் வெளுத்தது. "டாக்டரம்மா என்ன சொன்னா, மறந்துட்டேளா? குழந்தை திரும்பலை, கால்தான் கீழே இருக்கு. வலி கண்டா நேரா ஆஸ்பத்திரி, வேற எங்கேயும் அசையப்படாதுன்னு சொல்லலையா?"

"இங்கேயே இருந்தா ஆஸ்பத்திரியே இருக்காதுடி!"

"போன தடவையும் இப்படித்தான், பாலக்காட்டுக் கல்யாணத்துக்கு பஸ்ஸிலே…" அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. அந்த பஸ் பிரயாணத்தில் வயிற்றிலேயே இறந்துபோன ஏழு மாதக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

"நான் இன்னும் பாதிதான் சொன்னேன்னா. வலுப்பம் மட்டும் பார்த்தாப் போறாது. தூரம்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் உட்காருங்கோ…"

"உட்கார நேரமில்லை!"

அவன் அவள் கையைப் பிடித்தான். இன்னொரு கையால் அவள் செருப்பைத் தேடி இழுத்துப் போட்டான். சீதா அவன் கண்ணைப் பார்த்தாள்; இனி எதைச் சொன்னாலும் அங்கே ஏறாது. தன் பயத்தை விழுங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்ல எழுந்தாள்.

படகு ஜெட்டியில் சர்வீஸ் போட்டில் கால் வைக்க இடமில்லை. மூட்டையும் முடிச்சுமாக ஊரே ஏறிக்கொண்டிருந்தது. மாதாகோயிலில் குர்பானா முடிந்து வந்திருந்த வள்ளக்காரன் ஔசேப்பு மட்டும் தன் வள்ளத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்வாமீ, அம்மையைக் கொண்டு இப்பப் போண்டாம். வெள்ளம் கேறுது. எதிரே துழையணும்."

"கேட்டதைத் தரேன், எடு வள்ளத்தை!"

வள்ளம் நகர்ந்ததும் வாஞ்சி திரும்பிப் பார்த்தான். ஜெட்டியின் கீழ்ப்படி காணவில்லை. அவர்கள் ஏறும்போது இருந்தது, இப்போது இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படியின் மேல் தண்ணீர் நக்கியது.

'ஆரம்பிச்சாச்சு' என்று அவன் உதடு முணுமுணுத்தது.

வெல்லிங்டன் தீவின் வடக்கு முனையைச் சுற்றினால்தான் எர்ணாகுளம். அந்த முனை கண்ணெதிரே இருந்தது, கிட்ட வரவில்லை. கடல் வாயிலிருந்து தண்ணீர் திமுதிமுவென்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஔசேப்பின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் துடுப்புப் போட்டு ஒரு முழம் முன்னே போனால் வெள்ளம் அரை முழம் பின்னே தள்ளியது. தேங்காய் மட்டையும் ஆகாயத்தாமரையும் அவர்களைத் தாண்டி ஊரை நோக்கி ஓடின.

"ஏன்னா…"

அந்தக் குரலில் வாஞ்சி திரும்பினான். சீதா வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. அவள் உட்கார்ந்திருந்த கோணிச் சாக்கு நனைந்திருந்தது. அது காயல் தண்ணீர் இல்லை.

"பனிக்குடம் உடைஞ்சுடுத்து."

ஔசேப்பு துடுப்பை நிறுத்தினான். நிறுத்திய மாத்திரத்தில் வள்ளம் பின்னே நழுவியது.

"எங்கோட்டு ஸ்வாமீ? அக்கரைக்கு இந்த வெள்ளத்திலே ஒரு மணிக்கூறு ஆகும். கூடவும் ஆகும். திரும்பினா, துடுப்பே வேண்டா. வெள்ளம் கொண்டு போகும்."

திரும்புவதா? முழுகப்போகிற ஊருக்கா? வாஞ்சி வடக்கே பார்த்தான். தெற்கே பார்த்தான். கோயில் பக்கம் ஹோமப்புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஜெட்டியில் இப்போது ஒரு படியும் தெரியவில்லை.

"கடல் ஏறுதே, ஔசேப்பு! பார்க்கலையா நீ? அந்தக் கிரகங்கள் இழுக்கறது!"

"எந்தக் கிரகம்? நாளைக் கறுத்தவாவல்லோ, உங்க அமாவாசை. வேலியேற்றம் ஸ்வாமீ. வாவுக்கு வாவு வெள்ளம் கேறும், இறங்கும். பேடிக்கண்டா."

"எனக்குப் பேடிதான், பயம்தான்! போ, எர்ணாகுளத்துக்கே போ!"

சீதா அவன் வேட்டியைப் பற்றி இழுத்தாள். வலி விட்ட இடைவெளியில் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"தட்டிலே கடுகைப் பார்த்தேளா நீங்க? பார்க்கலை. நாரத்தங்காயையே முறைச்சுண்டு நின்னேள். இந்த வெள்ளத்தை இழுக்கறது அந்தக் கடுகு, அந்தச் சந்திரன்தான்னா. சூரியன் கொஞ்சம் கூட மாட நிக்கறது, அவ்வளவுதான். கடுகு மிளகுக்கு ஒரு சாண்கூட இல்லாத தூரம். நாரத்தங்காயை… அம்மா!… நாரத்தங்காயை எங்கே வைக்கணும் தெரியுமோ? மிளகு நம்மாத்திலே இருந்தா, அது அந்த ஜெட்டியிலே. எலுமிச்சை இன்னும் அந்தாண்டை. அங்கேர்ந்து அதுகள் ஒரு மிளகை என்ன பண்ணும்? தட்டு சின்னதுன்னு எல்லாத்தையும் கிட்டக் கிட்ட வெச்சுட்டேன். என் தப்பு. இப்பத் திருப்பச் சொல்லுங்கோ."

வாஞ்சிக்கு அவள் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. ஏறிய பாதியையும் நம்பத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் அஞ்சரை மணி மலைபோல் எதிரே நின்றது. ஆனால் அவள் விரல்கள் அவன் வேட்டியை முறுக்கிய முறுக்கு தொடையில் வலித்தது. எட்டுக் கிரகமும் ஆகாயத்தில் எங்கேயோ இருந்தன. இந்தப் பிடி இங்கே இருந்தது.

"திருப்பு" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "ஔசேப்பு, திருப்புடா!"

வள்ளம் சுழன்றது. எந்த வெள்ளத்தைக் கண்டு வாஞ்சி அலறினானோ, அதே வெள்ளம் அவர்களை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீர். ஒரு கிட்டங்கி வாசலில் மூட்டை இழுக்கிற கைவண்டி நின்றிருந்தது. காலிச் சாக்கைப் பரப்பி அதில் சீதாவைப் படுக்கவைத்து, ஔசேப்பு முன்னால் இழுக்க, வாஞ்சி பின்னால் தள்ளினான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முனகினாள். ஒவ்வொரு முனகலுக்கும் அந்த பஸ் பிரயாணம் அவன் நெஞ்சில் ஒருமுறை குலுங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கமலாக்ஷி ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டாள். "யார் சொல்லி இவளை வள்ளத்திலே ஏத்தினேள்?"

வாஞ்சி தலையைக் குனிந்தான்.

"நாரத்தங்காய்" என்றாள் சீதா, பல்லைக் கடித்துக்கொண்டு. கதவு மூடிக்கொண்டது.

வெயில் சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு தடவை நர்ஸ் ஓடிவந்து வெந்நீர் வாங்கிப் போனாள். இன்னொரு தடவை டாக்டரின் குரல், "கால் வந்துடுத்து, தலை மாட்டிக்கப்படாது, முக்காதே, முக்காதே!" அதன் பிறகு அதுவும் இல்லை.

அஞ்சரை அடித்தது.

அந்த நிமிஷத்தில் மட்டாஞ்சேரி முழுக்க ஒரே சமயத்தில் அலறியது. கோயில் மணிகள், சங்கு, சேகண்டி, தெருத்தெருவாக நாமஜபம். எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்கள். வாஞ்சி மட்டும் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. மூடிய கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே ஏதாவது சத்தம் கேட்டதா? குழந்தை அழுததா? அழவில்லையா? ஊர் போட்ட இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை.

"நிறுத்துங்களேன்!" என்று கத்தினான். "ஐயோ, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

யார் நிறுத்துவார்கள்? உலகம் அழியாமல் இருக்க அவர்கள் கத்துகிறார்கள். அவன் உலகம் அந்தக் கதவுக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் அவன் கத்துகிறான். தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றிருந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

எவ்வளவு நேரமோ. ஒவ்வொரு சங்காக ஓய்ந்தது. மணி ஓய்ந்தது. ஜபம் தேய்ந்து, கடைசியில் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மௌனமானார்கள்.

அந்த மௌனத்தில், கதவுக்குப் பின்னாலிருந்து, பூனைக்குட்டி கத்துவதுபோல் மெலிசாக ஒரு குரல் வந்தது. நின்றது. வாஞ்சி காதைக் கதவில் இன்னும் அழுத்தினான். மறுபடி வந்தது, இந்தத் தடவை கோபத்தோடு.

கதவு திறந்தது. டாக்டரம்மாவின் புடவைத் தலைப்பெல்லாம் வியர்வை. "பொண்ணு. கொஞ்சம் நீலம் பாய்ஞ்சுடுத்து, இப்பத் தேறிண்டு வரது. இன்னும் கொஞ்சம் நேரம் கழிச்சு வந்திருந்தேளானா எனக்கு ஒண்ணும் பண்ண முடிஞ்சிருக்காது. ராத்திரி முழுக்கக் கவனமாப் பார்த்துக்கணும். ரெண்டு பேரையும்தான்."

அவன் உள்ளே போனபோது சீதா கண்ணைத் திறந்தாள். உதடு வறண்டிருந்தது. "வெள்ளம் இறங்கித்தா?"

அவன் கதவு வழியே வாசலை எட்டிப் பார்த்தான். வாசற்படியில் ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீர் அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. "இறங்கறது."

வாசலில் பிச்சுமணியின் குரல் கேட்டது. "வாஞ்சீ! கண்டம் தாண்டிடுத்துடா! எல்லாம் ஹோமத்தோட பலன்! இல்லேன்னா இத்தனை நேரம் நாம எங்கே இருப்போம்?"

வாஞ்சி, தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தொடலாமா என்று பயந்து பயந்து ஒரு விரலை நீட்டியிருந்தான். நெல்லிக்காய் அளவே இருந்த ஒரு முஷ்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. விரலை எடுத்தால் அழுதுவிடுமோ, எடுக்காவிட்டால் அதற்கு வலிக்குமோ என்று தெரியாமல், இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்தபடியே நின்றான்.

"உங்களைத்தானே கூப்பிடறார்" என்றாள் சீதா.

"நான் எப்படிடி போறது? விட மாட்டேங்கறதே!"