கடல் வண்டி

பைக்கின் செல்ப் பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். பொன்ராஜ் மறுபடி அழுத்தினார். மறுபடியும் டக். ஹாரனை அடித்துப் பார்த்தார். பக்கத்து லயத்துக் கோழிகள் சிதறி ஓடும் அளவுக்கு அது நன்றாகவே அலறியது. லைட்டும் மங்காமல் எரிந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

"ஏனுங்க, இன்னைக்குமா?" என்றாள் ராக்கம்மா. சோத்துப் போசியையும் மழைக்கோட்டையும் உப்புக் கிழியையும் அவரிடம் கொடுத்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குறுக்குப் படியில் ஏற்கெனவே ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

"நீ போ. உருட்டிப் பாக்கறேன்."

மஞ்சூர்ப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். கிளம்பாவிட்டால் மலை தள்ளிவிடும். பொன்ராஜின் வீடு எஸ்டேட்டிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. வாசலிலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும்தான் இறக்கம். அதற்குள் இன்ஜின் பிடித்துவிட்டால் பாலத்தில் திருப்பி மேலே ஏறலாம். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஏற்றம், நடுவில் செத்த வண்டி.

அன்று பிடிக்கவில்லை. பாலத்தடியில் நின்றது. பால்காரரும் அவர் மகனும் வந்து தள்ளிக் கிளப்பிவிட, மேல் டிவிஷன் தராசு ஷெட்டுக்குப் பொன்ராஜ் போய்ச் சேர்ந்தபோது முதல் கொழுந்து நிறுவைக்கு வந்த பெண்கள் பூட்டிய ஷெட்டின் முன்னால் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த டிவிஷனுக்கு மேஸ்திரி அவர்; சாவி அவரிடம்தான் இருந்தது. அவர்களோடு மேனேஜரும் குடையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

மேனேஜர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "பொன்ராஜ், இது ரெண்டாவது தடவை. உங்க கால் விஷயம் எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன். இன்னொரு தடவை இப்படி ஆனா உங்களை ஃபேக்டரிக்கு மாத்திடறேன். இலை வாட்டுற மாடியில ஒரு ஆள் வேணும். அங்க வண்டி ஓட்ட வேண்டியதில்ல" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பொன்ராஜுக்கு அது தண்டனையாகவே பட்டது. நான்கு வருடத்துக்கு முன்பு, காட்டெருமை ஒன்று அவர் பக்கம் திரும்பியதில் தேயிலைப் பாத்தியிலிருந்து உருண்டு வலது முழங்கால் நொறுங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்காது. வண்டியில் உட்கார்ந்தபடி டிவிஷனைச் சுற்றி வரலாம், வேண்டிய இடத்தில் இறங்கி நாலு எட்டு வைக்கலாம். வாட்டுற மாடியில் ஷிப்ட் முழுக்க சிமென்ட் தரையில் நின்றே ஆக வேண்டும். ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அப்புறம் வேலையை விட்டுவிட்டு லயத்து வாசலில் உட்கார வேண்டியதுதான்.

உதைக்க முடியாத கால் என்பதால்தான் கிக்கர் இல்லாத, செல்ப் மட்டும் இருக்கிற மாடலாகப் பார்த்து, ராக்கம்மாவின் தம்பி வேலுமணியிடம் அந்த வண்டியை வாங்கினார்.

அன்று மாலையே வண்டியை மஞ்சூருக்கு இறக்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து கடை போட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. காரமடைக்காரன். அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்னங்ணா, மறுபடியும் டக்கா?"

"மறுபடியும்தான். போன மாசந்தான சுத்தம் பண்ணுனீங்க?"

"பண்ணுனனே. கிரீஸ்கூட வெச்சனே." நாச்சிமுத்து பேட்டரியிலிருந்து ஒரு தனி ஒயரை எடுத்து நேராக ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையைத் தொட்டான். மோட்டார் விர்ரென்று சுற்றியது. "பாத்தீங்ளா? மோட்டார் நல்லாருக்குது. பேட்டரி நல்லாருக்குது. நடுவுல கரண்ட்டு போற வழிதான் அடைபட்டிருக்குது."

மோட்டாரில் ஒயர் வந்து சேரும் இடத்துக்கு ஒரு ரப்பர் தொப்பி உண்டு. அதை விலக்கினான். ஒயரின் வளையமும் நட்டும் எது எது என்று தெரியாதபடி பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. ஒரு மாதத்துக்கு முன் எமரித் தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்ட அதே இடம்.

நாச்சிமுத்து அதைச் சுரண்டி விரலில் வைத்துப் பார்த்தான். "ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. இது கடல் வண்டிங்."

"என்ன வண்டி?"

"கடல் வண்டி. தூத்துக்குடி ஹார்பர்ல ஓடற வண்டிக இப்படித்தான் பூக்கும். மலை மழைக்கு இது வராதுங். மழைத் தண்ணிக்குத் துரு வரும், செவப்பா. இந்தப் பச்சை உப்புக் காத்துல வர்றது. உப்பு ஒருக்கா உள்ள புகுந்துட்டா, தேய்க்கத் தேய்க்க வரும். யாருகிட்ட வாங்குனீங்க?"

"என்ர மச்சினங்கிட்ட. மேட்டுப்பாளையம்."

"மேட்டுப்பாளையத்துல கடல் இல்லீங்ளே" என்றான் நாச்சிமுத்து. மறுபடி தேய்த்து, கிரீஸ் வைத்து, மாட்டிக் கொடுத்தான். பொன்ராஜ் கிளம்பும்போது சொன்னான்: "அடுத்த தடவை நின்னா உருட்டிக்கிட்டு வராதீங்க. நின்ன எடத்துலயே விட்டுட்டு எனக்குப் போனடிங்க. அது எங்க நிக்குது, எப்படி நிக்குதுன்னு நான் வந்து பாக்கோணும்."

திரும்பும் வழியில், சிக்னல் கிடைக்கிற மூன்றாவது வளைவில் வண்டியை அணைக்காமலே நிறுத்தி, வேலுமணிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இந்த வண்டியக் கடலோரத்துல ஓட்டுனியா?"

"கடலா? மாமா, நான் பவானி ஆத்துலயே முழங்காலுக்கு மேல எறங்க மாட்டேன்."

"உனக்கு முன்னால யாரு வெச்சிருந்தது?"

"ஷோரூம்தான் வெச்சிருந்துச்சு. நான் புதுசா எடுத்தது. என்ன மாமா, தண்ணி கிண்ணி போட்டிருக்கீங்களா?"

"திருச்செந்தூர், ராமேஸ்வரம் எங்கயும் போகல?"

"போனேன். பஸ்ஸுல." வேலுமணியின் குரல் மாறியது. "ஏமாத்திட்டேங்கறீங்களா? எங்க அக்கா ஊட்டுக்காரர்னு அவ்வளவு கொறச்சுக் குடுத்தேன்."

பொன்ராஜ் ஏதோ சொல்வதற்குள் லைன் போய்விட்டது. சிக்னல் போனதா, அவன் வைத்துவிட்டானா என்று தெரியவில்லை.

அவர் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே, எஸ்டேட் ஆபீஸ் போன் வழியாக விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. ராக்கம்மா சாப்பாட்டைத் தட்டில் போட்டாள். குழம்பை ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்ர தம்பி கடல்ல வண்டி ஓட்டறானாமா. மீன் புடிக்கவுங்களா?"

"மெக்கானிக் சொல்றான்."

"மெக்கானிக் உங்க கூடப் பொறந்தவனா? ஆடிக்கு அவன் வர்றதா இருந்தான். இப்ப வர மாட்டேங்கறான். நீங்களே போய் ஃபேக்டரி மாடியில நின்னுக்குங்க. அங்க வண்டியும் வேண்டாம், மச்சினனும் வேண்டாம்."

மறுநாள் காலையில் போசியும் கோட்டும் வழக்கம்போல வாசலில் இருந்தன. உப்புக் கிழியும் புதிதாகக் கட்டி வைத்திருந்தது. கொடுக்கத்தான் ஆளில்லை.

நாலைந்து வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. மழை வலுத்தது. குந்தா பக்கத்து மழை கொட்டிவிட்டு ஓய்கிற மழை இல்லை, நாள் முழுக்கச் சாய்ந்து பெய்கிற மழை. செடி இடுக்கெல்லாம் அட்டை. பறிக்கிற பெண்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் உப்புக் கிழி செருகியிருந்தார்கள். ஈரக் கிழியால் ஒரு ஒற்று ஒற்றினால் அட்டை சுருண்டு விழும்.

ஒரு சனிக்கிழமை கடைசி நிறுவை முடிந்து, இலை லாரி போய், பெண்களும் இறங்கிவிட்டார்கள். பொன்ராஜ் ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்து பட்டனை அழுத்தினார்.

டக்.

ஷெட்டுக்கு முன்னால் சமதரை. தள்ளிவிட ஆள் இல்லை. நாச்சிமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது. வண்டியை அப்படியே ஒரு தார்ப்பாயால் மூடிவிட்டு, கவாத்தில் வெட்டிப் போட்ட குச்சி ஒன்றை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். திங்கட்கிழமை காலைக்குள் வண்டி ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாட்டுற மாடி. வழி நெடுக வேறு நினைப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்து காலை பஸ்ஸில் எஸ்டேட் கேட்டில் இறங்கினான். தோளில் சாமான் பை, காலில் ரப்பர் செருப்பு. விறகு ஏற்றப் போன டிராக்டரில் அவனும் பொன்ராஜும் மேல் டிவிஷன் வரைக்கும் போனார்கள்.

நாச்சிமுத்து உடனே வண்டியைத் தொடவில்லை. கூரையைப் பார்த்தான். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்தான். உர மூட்டை அடுக்கியிருக்கிற அறை எவ்வளவு தூரம் என்று கேட்டான். "உரக் காத்துப் பட்டாலும் பூக்குமுங்" என்றான். உர அறை ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. உதட்டைப் பிதுக்கினான். பிறகு தார்ப்பாயை விலக்கப் போனவன் துள்ளினான்.

"அண்ணா, அண்ணா, கால்ல என்னமோ..."

"அட்டைங்க. அதுக்கேன் டான்ஸ் ஆடறீங்க. பிச்சு எடுக்காதீங்க, ரத்தம் நிக்காது." பொன்ராஜ் பழக்கத்தில் கையை டேங்குக்கு அடியில் விட்டு, பிரேமில் கட்டித் தொங்கவிட்டிருந்த உப்புக் கிழியை அவிழ்த்தார். "அந்தக் காலத் தூக்கி இந்த ஃபுட்ரெஸ்ட்டு மேல வைங்க. எனக்குக் குனிய வராது."

கிழியை வைத்து ஒற்றினார். அட்டை விழுந்தது. நாச்சிமுத்து அட்டையைப் பார்க்கவில்லை, ரத்தத்தையும் பார்க்கவில்லை. கிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"இத எங்கருந்துங்ணா எடுத்தீங்க?"

"இங்கருந்துதான். எப்பவும் இங்கதான் தொங்கும். எனக்குக் கால் மடங்காதில்லீங்களா. வண்டியேறும்போது காலை இந்த ஃபுட்ரெஸ்ட்டு மேல வெச்சுத்தான் அட்டை பாப்பேன். கைக்கெட்டற தூரத்துல இருக்கோணுமில்ல?"

"கடைக்கு வரும்போது நான் பாத்ததில்லீங்களே."

"மஞ்சூர் பஜார்ல ஏதுங்க அட்டை? ஊட்டுலயே கழட்டி வெச்சுட்டு வருவேன்."

நாச்சிமுத்து கிழி தொங்கிய இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து நேர் கீழே இறக்கினான். விரல் ஸ்டார்ட்டர் மோட்டாரின் ரப்பர் தொப்பியில் போய் நின்றது. தொப்பியைத் தொட்ட விரலை நாக்கில் வைத்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"உப்புங். நல்ல கல்லுப்பு. உங்களுக்குத் தெனமும் ஒரு கடலையே கிழியில கட்டிக் குடுக்கறது யாருங்ணா?"

பொன்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட போன் ஒவ்வொரு சொல்லாகக் காதில் திரும்பியது.

சிரித்து முடித்து உட்கார்ந்த நாச்சிமுத்துவின் முகம் தொப்பியை விலக்கியதும் மாறியது. இந்த முறை ஒயர் மட்டும் இல்லை, மோட்டாரிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் போல்ட்டையும் உப்பு பாதி தின்றிருந்தது. "இது முறிஞ்சா மோட்டாரக் கழட்டி கோயமுத்தூருக்குத்தான் அனுப்போணும். நாளைக்கு ஆகாதுங்."

பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றினான். நட்டின் மேல் எண்ணெய் விட்டுவிட்டு ஒரு பீடி குடித்தான். ஸ்பேனரைப் போட்டுத் துளி திருப்பினான். திருப்பியதை மறுபடி முடுக்கினான். மறுபடி துளி. கழற்றுவதைவிட முடுக்குவதே அதிகமாக இருப்பதுபோல் பொன்ராஜுக்குத் தோன்றியது. ஒரேயடியாகத் திருப்பினால் போல்ட் முறியும். பக்கத்தில் கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை 'கிரீச்' என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து மறுபடி எண்ணெய் விட்டான். நட்டு வந்தது. போல்ட் நின்றது.

ஒயரின் முனையை வெட்டினான். உள்ளே செம்புக் கம்பிகள் கரியாக இருந்தன. இன்னும் கொஞ்சம் வெட்டினான். மூன்றாவது வெட்டில்தான் செம்பு செம்பாகத் தெரிந்தது. "இதத்தான் போன தடவை நான் பாக்கல. மேலாக்கத் தேய்ச்சு உட்டுட்டேன்" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னான். ஷெட் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து மோட்டார் முனையைக் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். புதிய வளையத்தை ஒயரில் நசுக்கி இறுக்கி மாட்டி, வாஸ்லினை அப்பி, ரப்பர் தொப்பியை மூடினான்.

"அழுத்துங்க."

இன்ஜின் ஒரே தொடலில் பிடித்தது. பொன்ராஜ் அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். பிடித்தது. மூன்றாவது முறை அணைக்கப் போனபோது நாச்சிமுத்து கையைப் பிடித்துக்கொண்டான். "போதுங்ணா. நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க."

திங்கட்கிழமை மேனேஜர் ஷெட்டுக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது, தராசு துடைத்திருந்தது. அவர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். வாட்டுற மாடியைப் பற்றிப் பேசவில்லை. எட்டாம் நம்பர் காட்டில் கொழுந்து முற்றுகிறது, ஆளை அங்கே திருப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மூன்றாவது வளைவில் பொன்ராஜ் வண்டியை நிறுத்தினார். இந்த முறை தைரியமாக அணைத்தார்.

"மாப்ள, வண்டி கடலுக்குப் போகல."

"அதான் நான் அன்னைக்கே சொன்னனே. பின்ன எங்க போச்சாம்?"

"கடல்தான் வண்டிக்கு வந்திருக்குது. உங்க அக்கா கட்டிக் குடுத்தா, நான் தொங்கவிட்டேன். பேசுனது தப்புதான். ஆடிக்கு வந்துரு."

"கறி எடுப்பீங்களா?" என்று கேட்டான் வேலுமணி.

ராக்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "உப்பக் கட்டுனது நானுங்க. அதய மோட்டாருக்கு மேல தொங்கவிடச் சொன்னது யாரு?" என்றாள். மறுநாள் காலை கிழியைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, அவளே அவருடைய பெல்ட்டில் கட்டிவிட்டாள்.

மழை விடும் சமயத்தில் பெல்ட்டின் கொக்கி பச்சை பூத்துவிட்டது. பொன்ராஜ் அதை நாச்சிமுத்துவிடம் காட்டினார்.

"பூக்கட்டும் உடுங்ணா. கொக்கி முறிஞ்சா வேட்டியத்தான் புடிச்சுக்கோணும். வண்டி நிக்காது" என்றான் நாச்சிமுத்து.