முதுகில் நான்கு கோடுகள்

மூன்று வயது நூர் ஃபாத்திஹாவின் முதுகில் நான்கு பழுப்புக் கோடுகள் இருந்தன. உடை மாற்றும்போது அதைக் கண்ட பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை தவமணி, தாய் ஸஹ்ராவை அறைக்கு அழைத்து, ரோத்தான் பிரம்பால் அடித்தீர்களா என்று நேராகவே கேட்டார். நலத் துறைக்குப் புகார் எழுதப்போவதாகவும் சொன்னார்.

"எழுதுங்க டீச்சர். நானே கூட வரேன்," என்றாள் ஸஹ்ரா. தலை குனியவில்லை.

வாசலில் நின்ற தாய்மார்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். விஷயம் அதற்குள் தவமணி மூலமாக அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

அன்றே மகளைத் தோல் மருத்துவர் அனுஜாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் கோடுகளை அழுத்திப் பார்த்தார். குழந்தை கூச்சத்தில் சிரித்ததே தவிர, வலியில் நெளியவில்லை. அடிபட்ட இடம் வீங்கும், தொட்டால் வலிக்கும். இதில் அப்படி எதுவுமில்லை. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து சிவக்கும், பிறகு இப்படிப் பழுப்பாகும் என்ற அனுஜா, சமீபத்தில் சாறு பட்டு வெயிலில் இருந்தாளா என்று கேட்டார்.

ஸஹ்ராவுக்குச் சுருக்கென்றது. பத்து நாளைக்கு முன்பு, ஆயர் ஈத்தாமிலுள்ள தங்கள் சாப்பாட்டுக் கடைக்காக ஒரு கூடை எலுமிச்சை பிழிந்திருந்தாள். வெளியே வெற்றுடம்போடு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த மகளை அதே கையோடு தூக்கி, மறுபடி வெயிலில் விட்டாள். கோடுகள் அவளுடைய விரல்கள் பட்ட தடங்கள்.

மருத்துவரின் கடிதத்தைப் படித்த தவமணி, எலுமிச்சை கூடவா சுடும் என்று உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் நண்பகலில் ஸஹ்ரா தன் முன்கையில் சாற்றைக் கோடு கோடாகத் தடவிக்கொண்டு, கடைக்குப் பின்னால் வெயிலில் போய் உட்கார்ந்தாள். கணவன் ஷஃபீக் திட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். ஒரு மணி நேரம் அவள் எழவில்லை. மூன்றாம் நாள் கோடுகள் சிவந்து கொப்பளித்தன.

வெளியிடத்தில் கையை மறைக்காமல் அவள் நின்றதே கிடையாது. அன்று பாலர் பள்ளியின் வாசலில், எல்லார் முன்னாலும் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"என்னை யாரு அடிச்சாங்க டீச்சர்?"

தவமணி அந்தக் கையைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பிள்ளை உடம்புல கோடு இருந்தா நான் கேக்கத்தானே வேணும்."

"கேட்டது சரிதான் லா. டாக்டர் எழுதினப்புறமும் நம்பலையே, அதுதான் தப்பு. நான் அடிச்சேன்னு இவங்ககிட்ட சொன்னீங்க. இல்லைன்னும் நீங்களே சொல்லுங்க."

தவமணி தாய்மார்கள் பக்கம் திரும்பினார். தான் தவறாக நினைத்துவிட்டதாகவும், அந்தப் பிள்ளையை யாரும் அடிக்கவில்லை என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நலத் துறைக்கும் அப்படியே எழுதுவதாகச் சொன்னார்.

ஒருத்தி, தான் முதலிலிருந்தே நம்பவில்லை என்று ஸஹ்ராவிடம் சிரித்தாள். ஸஹ்ரா சிரிக்கவில்லை. மகளை வகுப்பில் விட்டுவிட்டு, எரியும் கையை மறைக்காமல் அவர்கள் நடுவிலேயே நடந்து போனாள்.