ரீபாவின் முறை

1997 ஏப்ரலில் ரிச்சர்ட் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு கம்ப்யூட்டர் மானிட்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். டிரைவர் பின்னால் வைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. மஸ்கட்டில் அவன் ஏசி மெக்கானிக். கம்பெனி அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைப் பிரித்துச் சேர்த்து இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டாக்கியிருந்தான். ஒன்று மஸ்கட்டில் அவன் அறையில் இருந்தது. மற்றது அக்காவுக்கு.

அக்கா ரீபாவுக்கு அப்போது முப்பத்தொன்று. அவனைவிட மூன்று வயது மூத்தவள். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பல்கலைக்கழகத்தில் இரண்டாவது ரேங்க் வாங்கியவள். ரிச்சர்ட் பிளஸ் டூ கணக்கில் இரண்டு தடவை தவறி, ஐடிஐயில் சேர்ந்து, இருபத்தொரு வயதில் வெளிநாடு போனவன். அப்பா தேவசிகாமணி இறந்த பிறகு வீட்டில் ரீபாவும் அம்மா சாரம்மாளும்தான்.

சிறு வயதில் இருவரும் செஸ் ஆடுவார்கள். எப்போதும் ரீபாதான் ஜெயிப்பாள். அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒரு நாள் அவன் ஜெயித்துவிட்டான். அவள் காய்களைப் பெட்டியில் போட்டு, பரீட்சை வருகிறது என்று சொல்லி எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவனோடு அவள் ஆடவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

இப்போது பதினாறு வருடம் கழித்துக் கூப்பிட்டான். அவன் கொண்டுவந்திருந்தது நாடு கட்டும் விளையாட்டு. கையில் ஒரு சிறு கூட்டம் ஜனங்களும், திரை முழுக்க இருட்டும் கொடுக்கப்படும். நடக்க நடக்க இருட்டு விலகி ஆறும் மலையும் தெரியும். ஊர் அமைத்து, பயிர் வைத்து, படை திரட்டி, ஆயிரக்கணக்கான வருடத்து ராஜ்யத்தைக் கட்ட வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். கூடவே நூற்றெண்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் இருந்தது. அது ஜெராக்ஸ் எடுத்தது.

விடுமுறை முழுக்க ரீபாவுக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. மூன்று தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். புத்தகத்தைப் படித்துவிட்டு வருகிறேன் என்றாள். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு பிளாப்பியை அவள் மேஜையில் வைத்தான். ஆட்டத்தை அதில் ஆரம்பித்து, இருவர் பெயரையும் பதிந்து வைத்திருந்தான். அவள் தன் முறையை ஆடி பிளாப்பியைத் தபாலில் அனுப்ப வேண்டும். அவன் தன் முறையை ஆடித் திருப்பி அனுப்புவான்.

"நீதான மூத்தவ, நீதான் முதல்ல ஆடணும்" என்றான். "ஒரு முறைக்கு ஒரு மாசம்னு வச்சாலும், நூறு முறைக்கு எட்டு வருஷம் ஓடிரும். அதுவரைக்கும் பேசிக்கிட்டே இருக்கலாம்லா."

ரீபா சிரித்தாள். ஜூன் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

அவள் பொய் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தாள். தனி நோட்டுப் போட்டுக் குறிப்பு எடுத்தாள். எந்த நிலத்தில் என்ன விளையும், எந்தப் படை எதை வெல்லும் என்று கட்டம் போட்டு எழுதினாள். முதல் ஊரை எங்கே அமைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமையும் என்று புத்தகத்தில் நாலாவது பக்கத்தில் போட்டிருந்தது. அந்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டாள்.

சனிக்கிழமை மதியங்களில் கம்ப்யூட்டரைப் போடுவாள். பிளாப்பியைச் செருகுவாள். அவள் பெயரைச் சொல்லி, உங்கள் முறை என்று திரையில் வரும். கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் இருட்டு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை நிலம், அதில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அசையும் ஒரு சிறு வண்டி. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மேற்கே ஆறு இருக்கலாம். அங்கே போய் இல்லையென்றால் இரண்டு முறை வீண். இங்கேயே ஊர் போட்டு, பக்கத்திலேயே இதைவிட நல்ல நிலம் இருந்துவிட்டால் அவன் பார்த்துச் சிரிப்பான். அவன் இதை நூறு மணி நேரம் ஆடியவன். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு ஆடலாம் என்று தோன்றும். அணைத்துவிடுவாள். அணைத்ததும் உடம்பு லேசாகும். மறுநாள் கோயிலில் ஆராதனை நடக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்து, பாட்டில் ஒரு வரியை விட்டுவிடுவாள்.

ஜூலையில் அவன் கடிதம் வந்தது. பிளாப்பி இன்னும் வரவில்லையே என்று கேட்டிருந்தான். வேலை அதிகம் என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தாள். பிளாப்பி கெட்டுப்போய்விட்டது, திறக்கவில்லை என்று எழுதினாள்.

ஆகஸ்டில், மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு கவரைக் கொடுத்தார். துணியில் சுற்றி, அட்டை வைத்து, இரண்டு பிளாப்பிகள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும் என்று துண்டுச்சீட்டில் எழுதியிருந்தான். ரீபா அவற்றை மேஜை டிராயரில் வைத்தாள். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கட்டாயம் ஆடிவிடுவது என்று இருந்தாள். விடுமுறையும் முடிந்தது. அக்டோபரில் எழுதினாள், அனுப்பிவிட்டேன் என்று.

நவம்பரில் அவனிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. பிளாப்பி வரவில்லை, தபாலில் தொலைந்திருக்கும், பரவாயில்லை என்று இருந்தது. திரும்ப அனுப்பு என்று அதில் இல்லை. அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் அம்மா பெயருக்கு வந்தன. மாதம் ஒரு முறை போனில் பேசும்போது அக்காவிடம் சௌக்கியம் கேட்டுவிட்டு, அம்மாவிடம் கொடு என்பான். பண்டிகைக்குப் போன் செய்தபோதும் அப்படித்தான். ஆட்டத்தைப் பற்றி அவன் பேச்செடுக்காதது ரீபாவுக்கு நிம்மதியாக இருந்தது.

ஜனவரி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. ரிச்சர்ட் காலையில் குளிக்கப் போனவன் விழுந்துவிட்டான். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடல் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். சாரம்மாள் திறக்கச் சொன்னாள். முகத்தை மட்டும் பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் முகம்மது சுல்தான் ஒரு வார லீவில் வந்தான். மேலப்பாளையத்துக்காரன். ரிச்சர்டோடு ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தவன். ரிச்சர்டின் துணிமணிகளையும் கடிகாரத்தையும் ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தான். சாரம்மாள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ரீபா டீ போட்டுக் கொடுத்தாள்.

அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். பிறகு, கம்ப்யூட்டரைக் கொண்டுவர முடியவில்லை, அதில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

"அதுல ஒரு விளையாட்டு வச்சிருந்தான்க்கா" என்றான் சுல்தான். "நம்ம பக்கத்துல இருந்து யாரு லீவு முடிஞ்சு வந்தாலும், போய்ப் பாப்பான். எங்க அக்கா ஏதும் குடுத்துவிட்டாளான்னு கேப்பான். பொறவு அக்டோபர், நவம்பருக்கு மேல கேக்குறத விட்டுட்டான்."

ரீபாவின் பார்வை மேஜை டிராயருக்குப் போனது.

"ஏம்ல விட்டுட்டன்னு கேட்டேன். அக்காவுக்கு என்கூட விளையாடப் பிடிக்கல போல, நான் படிக்காதவன்லான்னான். கோவமா சொல்லலக்கா. சும்மா சொன்னான்."

அப்படி இல்லை என்று சொல்ல ரீபா வாயைத் திறந்தாள். அப்படி இல்லையென்றால் வேறு எப்படி என்று சொல்ல வேண்டும். ஒரு சாவியைத் தட்டப் பயந்தேன் என்று, அவ்வளவு தூரத்திலிருந்து பெட்டி சுமந்து வந்தவனிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சுல்தான் டீயைக் குடித்துவிட்டு, அம்மா வந்தால் சொல்லுங்கள் என்று எழுந்து போனான்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் சாரம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது ரீபா எல்லாவற்றையும் சொன்னாள். பிளாப்பி கெட்டுப்போகவில்லை என்பதை, அனுப்பவேயில்லை என்பதை, சுல்தான் சொன்னதை. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனாலும் இடையில் ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அது கஷ்டமான விளையாட்டா?" என்றாள் கடைசியில்.

"கஷ்டம்தான். ஆனா மொத முறைல பெருசா ஒண்ணும் கெடையாதும்மா. தோத்தாலும் ஒண்ணும் கெடையாது."

"அந்த ஊருக்குப் போன இத்தன வருஷத்துல அவன் உன்கிட்ட வேற என்னட்டி கேட்டிருக்கான்?"

ரீபா யோசித்துப் பார்த்தாள். "வேற ஒண்ணும் கேக்கல."

சாரம்மாள் புளிக்கரைசலைக் குழம்பில் ஊற்றினாள். அதற்குப் பிறகு நாலு நாள் மகளோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தாள். காலை ஜெபத்தைத் தனியாகச் செய்தாள். ஐந்தாம் நாள் காலையில் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, வா, நீ வாசி என்றாள். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றாள்.

அந்தச் சனிக்கிழமை ரீபா டிராயரிலிருந்து பிளாப்பியை எடுத்தாள். குறிப்பு நோட்டைத் திறக்கவில்லை. இருட்டுக்கு நடுவே வண்டி அசைந்துகொண்டு நின்றது. ஊர் அமைக்கும் சாவியை அழுத்தினாள். இரண்டு குடிசைகள் எழுந்தன. ஊருக்குப் பெயர் கேட்டது. அதுவாகக் கொடுத்த பெயரையே விட்டாள். முறை முடிந்தது என்று அழுத்தினாள். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரை அணைந்து, ரிச்சர்ட், உங்கள் முறை என்று வந்தது.

அவனுக்காகத் தானே ஆடலாம் என்று நினைத்தாள். சின்ன வயதில் அவன் எந்தக் குதிரையை எடுப்பான், எப்போது அவசரப்படுவான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது விரலைச் சாவியில் வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் தெரியவில்லை. அவன் வந்த இடத்திலேயே ஊர் போடுகிறவனா, சுற்றிப் பார்த்துவிட்டுப் போடுகிறவனா? மஸ்கட்டில் அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், யாரோடு சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான்? ஏழு வருடமாக அவன் எழுதிய கடிதங்களில் அம்மாவின் மாத்திரையும் வீட்டு ஓடும்தான் இருந்தன. அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு கடிதத்தாளை எடுத்தாள். சுல்தான் அதற்குள் மஸ்கட் திரும்பியிருந்தான். அவனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள். பிடிக்காமல் இல்லை, பயம் என்று எழுதினாள். ரிச்சர்டைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதச் சொல்லிக் கேட்டாள்.

பதில் வர மே மாதம் ஆயிற்று. ஆறு பக்கம். வெயில் தாழ்ந்த பிறகு முற்றத்தில் உட்கார்ந்து ரீபா அதை அம்மாவுக்கு வாசித்தாள். பயம் என்று அவள் எழுதியதற்கு சுல்தான் ஒரு வரிதான் எழுதியிருந்தான். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம் அக்கா, அவன் சந்தோஷப்பட்டிருப்பான் என்று. மற்றதெல்லாம் ரிச்சர்டைப் பற்றி. மீன் குழம்பில் புளியை அள்ளிப் போடுவான். வெள்ளிக்கிழமை அறையில் எல்லோருக்கும் அவன்தான் முடிவெட்டி விடுவான், ஒருவருக்கும் இரண்டு காதுப் பக்கமும் சமமாக வந்ததில்லை. பக்கத்து லாரி ஷெட்டில் கட்டிக் கிடந்த ஆட்டுக்குத் தினமும் தண்ணீர் வைப்பான். சாரம்மாள் ஒரு இடத்தில் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஐந்தாவது பக்கத்தில் ரீபாவின் குரல் நின்றது. ஆகஸ்டிலிருந்தே அவனுக்கு நெஞ்சு வலி இருந்தது என்று அங்கே எழுதியிருந்தது. அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடலாமா என்று அவள் கண் ஓடியது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் சாரம்மாள். "இருக்கத வாசி."

ரீபா வாசித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போ என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அடுத்த வாரம் போகிறேன் என்பான். டாக்டரைப் பார்க்கச் சீட்டுகூட வாங்கி வைத்திருந்தான். ஒரு நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான். உள்ளே போனால் என்ன சொல்வார்களோ என்று அவனுக்குப் பயம்."

சாரம்மாள் அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ரீபா ஒரு சொல்கூட விடாமல் வாசித்தாள். பிறகு ஆறாவது பக்கத்தைத் திருப்பினாள்.