மூடி ஒட்டுமுன்

வாய்க்கரிசிக் கிண்ணம் வதனியின் கையில்தான் இருந்தது. தம்பியின் தலைமாட்டில் நின்றுகொண்டு அவள் அதை நீட்ட நீட்ட, வந்தவர்கள் மும்முறை அள்ளி ஜசிந்தனின் வாயருகே போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். பெரியதாயின் மகள் போட்டாள். கூடப் படித்தவன் ஒருவன் அழுதுகொண்டே போட்டான். உயிரோடு இருந்தபோது அவனோடு ஒரு சொல்கூடக் கதைத்திராத கோயில் தலைவரும், ஊர்க்காரர் என்ற உரிமையில், சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து போட்டார்.

"இனி ஆர் இருக்கினம் போட?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஒருத்தரும் இல்லை," என்றான் வதனியின் கணவன் கதிரேசு. கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிட்டான்.

வதனி கிண்ணத்தைக் குனிந்து பார்த்தாள். கிண்ணத்தில் அரிசி இன்னும் பாதிக்கு மேல் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் யன்னல் பக்கம் திரும்பினாள்.

திரும்பியிருக்கக் கூடாது. இந்த இத்தாலிய நகரத்தின் பழைய குடியிருப்பான அல்பெர்கேரியாவின் சந்துகள் எதிர்வீட்டுக் கறியின் உப்பைச் சொல்லுகிற அளவுக்கு நெருக்கமானவை. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால், எதிர்ச்சுவர் முழுக்கச் சுவரொட்டிகளில் வதனியே வரிசையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நகரசபைத் தேர்தல். அவள் வேட்பாளர். கட்சிக்காரர்கள் பூசிவிட்ட முகப்பூச்சோடு, 'எல்லோருக்கும் இடமுள்ள நகரம்' என்ற வாசகத்துக்கு மேலே அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து, காலையிலிருந்து ஏர்னஸ்ற் நின்றுகொண்டிருந்தான்.

ஏர்னஸ்ற் கானா நாட்டுக்காரன். ஜசிந்தனோடு பல வருடமாக ஒரே வீட்டில் இருந்தவன். கேட்டவர்களுக்கு அறைத்தோழன் என்று சொல்லிவைத்திருந்தார்கள். உண்மை வதனிக்குத் தெரியும், கதிரேசுவுக்கும் தெரியும், பல்லறோ சந்தையில் வெங்காயம் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

ஜசிந்தன் பாட்டுக்காகவே ஞானமுழுக்கெடுத்தவன் என்று வதனி முன்பெல்லாம் பகிடி பண்ணுவாள். வன்னியில் தேவாரம் பாடி வளர்ந்த பிள்ளை ஒருநாள் சந்தைக்குப் பின்னால் இருந்த ஆபிரிக்கச் சபையைத் தாண்டிப் போனபோது உள்ளேயிருந்து வந்த கொஸ்பல் பாட்டைக் கேட்டான். தக்காளிப் பையோடு வாசலில் நின்றவன் பிறகு வெளியே வரவேயில்லை. அத்தனை ஆபிரிக்க முகங்களுக்கு நடுவே அவன் ஒருவன்தான் தமிழன். பக்கத்தில் நின்று பாடியவன் ஏர்னஸ்ற். சபையில் எல்லோருக்கும் விஷயம் விளங்கியிருந்தது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாஸ்ரர் பவுல் ஜசிந்தனைக் கட்டிப்பிடித்து இந்தக் குரல் கர்த்தர் தந்த கொடை என்பார். அதே வாயால் மேடையில் ஏறி, ஆணும் ஆணும் சேர்வது அருவருப்பு என்று முழங்குவார். பிரசங்கம் முடிந்ததும் ஜசிந்தன் எழும்பி நின்று, அதற்கும் சேர்த்து ஆமென் பாடுவான்.

தேர்தல் வந்ததும் அந்த மௌனத்துக்கு ஆபத்து வந்தது. எதிர்ப்பக்கத்து ஆட்கள் சந்தையில் கதையைக் கிளப்பிவிட்டார்கள். பாஸ்ரர் வதனியின் வீட்டுக்கு வந்து, கொடுத்த தேத்தண்ணீரைத் தொடாமல், நிபந்தனையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை நடக்கிற கடைசிப் பிரசாரக் கூட்டத்தில் பாடகர் குழு வந்து பாடும். சபையில் பிரஜாவுரிமை எடுத்தவர்களின் வாக்கெல்லாம் அவளுக்குத்தான். அந்த இரண்டு பேரும் மட்டும் மேடையில் நிற்கக் கூடாது. சபையிலும் இனிக் கடைசி வரிசை வாங்கில் இருந்தால் போதும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாவது வதனி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மாலையே தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"தேர்தல் முடியுமட்டும்தானடா. அதுக்குப் பிறகு பாப்பம்."

"ஓம் அக்கா. விளங்குது."

அவன் ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கதைக்கவுமில்லை. இந்தப் புதன்கிழமை, ஸ்ஃபெர்ராகவால்லோவில் அவன் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில், மீன் துப்புரவாக்குகிற மேசையிலேயே தலைக்குள் நரம்பு வெடித்து விழுந்தான். அந்த நேரம் வதனி சியாகுல்லியில் மன்ரறீன் தோடம்பழத் தோட்டக்காரர்களுக்குக் கைகொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலருகே ஏர்னஸ்ற் இருந்தான். உறவுக்காரர் யார் என்று தாதி கேட்டதும், அவன் எழும்பி வதனிக்குக் கதிரையை விட்டான். அவள் அதில் இருந்தாள். கையெழுத்து வைத்தாள். உடலைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அவன் வாழ்ந்த வீடு நாலு சந்து தள்ளி, பூட்டிக் கிடந்தது.

முழுக்கெடுத்தவனுக்கு வாய்க்கரிசி என்ன என்று சபைக்காரருக்கு முகம் கோணல். வாய்க்கரிசி போட்ட உடலுக்கு முன்னால் சேர்ச்சுப் பாட்டு என்ன என்று கோயில்காரருக்கு வயிற்றெரிச்சல். ஏர்னஸ்ற் மேலே வரக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பகுதியும் ஒரு தாய்ப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

பாடகர் குழுவை நடத்துகிற செலஸ்ரீனா மூச்சு வாங்க வாங்க மேலே ஏறி வந்தாள். நைஜீரியாக்காரி. வதனியை யன்னலோரம் இழுத்துப்போய் இத்தாலியத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"நாங்கள் கீழை நிண்டு பாடப்போறம். அவன் எங்களோடை நிக்கக் கூடாதெண்டு பாஸ்ரர் சொல்லிப்போட்டார். அதைப் பற்றிக் கதைக்க வரேல்லை. பெட்டி மூடமுதல் அவன் ஒருக்கா முகம் பாக்கட்டும். நீ சொன்னால் கூட்டிவாறன்."

வதனி கதிரேசுவைப் பார்த்தாள். அவன் விளங்கிக்கொண்டு கிட்ட வந்து, தமிழில் குசுகுசுத்தான்.

"இஞ்சை பார் வதனி, பாஸ்ரர் நிக்கிறார், கோயில் ஆக்களும் நிக்கினம். பின்னேரம் கடைசிக் கூட்டம் கிடக்கு. இண்டைக்கு மட்டும் பொறு. நாளைக்கு அவனைத் தனியச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போவம்."

"நாளைக்கு என்னத்தைப் பாக்கிறது? கல்லறைச் சுவரையோ?"

கேட்டவள் கேட்ட கையோடு செலஸ்ரீனாவிடம் திரும்பி, "கொஞ்சம் பொறு," என்றாள். அவளுக்கே தன்னை நினைக்க அருவருப்பாக இருந்தது.

செலஸ்ரீனா போகவில்லை. "அவையளைக் கடைசி வாங்குக்கு அனுப்பேக்கை நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்," என்றாள். "உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை." பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மலர்ச்சாலைக்காரர்கள் வந்தார்கள். இந்த நாட்டில் சுவர்க்கல்லறைக்குள் வைக்கிற பெட்டிக்கு மரமூடி போதாது. உள்ளே துத்தநாகத் தகட்டால் ஒரு மூடி போட்டு, நாலு பக்கமும் ஈயம் உருக்கி ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு முகம் இல்லை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் காஸ் அடுப்பை மூட்டி, இரும்பைச் சூடாக்க வைத்தார்.

கீழே பாட்டு தொடங்கியது. முதலில் கைதட்டல், பிறகு பெண்களின் குரல், அதற்குள் ஆண்கள் புகுந்தார்கள். அறையில் இருந்த தமிழர்கள்கூடத் தலை நிமிர்ந்தார்கள். இந்தப் பாட்டு வதனிக்குத் தெரியும். அவளுடைய முதல் கூட்டத்தில் ஜசிந்தன் இதைத்தான் பாடினான். நடுவே எல்லோரும் அடங்க, அவன் மட்டும் தனியே மேலே ஏறிப்போகிற ஓர் இடம் உண்டு. அந்த இடம் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. கைதட்டல் மட்டும் நடந்துபோனது. எதிர்ச்சுவரடியில் ஏர்னஸ்ற் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு நின்றான். பாட வேண்டாம் என்று சொல்லப்பட்டவன், அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு நின்றான்.

வதனி கிண்ணத்தைக் கதிரேசுவின் கையில் திணித்தாள். "நான் வருமட்டும் மூடவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"எங்கை போறாய்?"

அவள் படியில் இறங்கிவிட்டாள். சந்தில் பாடகர்களுக்கு நடுவே பிளந்துகொண்டு போனாள். பாட்டு தடுமாறிவிட்டுத் தொடர்ந்தது.

"மேலை வா," என்றாள் ஏர்னஸ்ற்றிடம், இத்தாலியத்தில்.

"ஆர் கூப்பிடுறது?" ஏர்னஸ்ற்றின் குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டிய கோபம்தான். "உன்ரை கட்சியோ, உன்ரை புருசனோ?"

"நான்தான். அவன்ரை அக்கா."

பாட்டு இன்னுமொரு சுற்றுப் போய் முடியுமட்டும் அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளை முந்திக்கொண்டு படியேறினான். வதனி பின்னாலேயே ஏறினாள். வாக்கு போனால் போகட்டும், போய்த் துலையட்டும் என்று நினைத்தாள். நினைக்கச் சுகமாகக்கூட இருந்தது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஏர்னஸ்ற் நின்றுவிட்டான். மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்தான். அவன் வாகன றேடியேற்றர் ஒட்டுகிற கராஜ் ஒன்றில் வேலை செய்கிறவன். ஈயம் உருகுகிற அந்த மணத்தை அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"தொடங்கிட்டினம்," என்றான்.

வதனி ஓடினாள். அறைக்குள் புகை மெல்லியதாகச் சுற்றிக்கொண்டிருந்தது. துத்தநாகத் தகடு ஜசிந்தனின் மேல் படிந்து கிடந்தது. கதிரேசு வாய்க்கரிசிக் கிண்ணத்தைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்ரர் நேரம் போகுதெண்டார்... நீ எங்கை போனாயெண்டு எனக்கென்ன தெரியும்," என்றான். அவனுக்குத் தெரியும்.

மீசைக்காரர் இரும்பைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்ற ஏர்னஸ்ற்றைப் பார்த்தார். பிறகு வதனியைப் பார்த்தார். வீடு வீடாய்ப் போய்ப் பெட்டி மூடுகிற மனிதர். கேட்காமலே விளங்கிக்கொண்டார்.

"மூண்டு பக்கம்தான் முடிஞ்சுது சிஞ்ஞோரா. இளக்கி எடுக்கலாம். வீட்டாள் ஒருத்தர் சொல்லவேணும், அவ்வளவுதான்."

அறை முழுக்க வதனியைப் பார்த்தது. பாஸ்ரர் வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தார். அவர் தலையசைக்கவில்லை, முறைக்கவில்லை. அழுது சிவந்த கண்களோடு சும்மா பார்த்தார். கோயில் தலைவர் பார்த்தார். கதிரேசு பார்த்தான்.

எடுங்கோ என்று ஒரு சொல். ஒரு மாதமாகச் சந்தையிலும் மண்டபத்திலும் ஒலிபெருக்கி இல்லாமலே தொண்டை கிழியக் கத்தியவளுக்கு ஒரு சொல் பெரிய காரியமா? அது அவள் நாக்குக்கு வந்துவிட்டது. பின்னாளில் எந்தச் சாமி முன்னாலும் அவள் அதைச் சத்தியம் பண்ணுவாள். அதைச் சொல்வதற்காக ஒரு மூச்சு எடுத்தாள். எடுத்த மூச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது.

அந்த நேரத்துக்குள் ஏர்னஸ்ற் அவளுடைய முகத்தைப் படித்துவிட்டான்.

"வேண்டாம் அக்கா," என்றான், தமிழில். அந்த இரண்டு சொல்லையும் ஜசிந்தனிடம்தான் படித்திருப்பான்.

அவன் பெட்டியருகே போய் மீசைக்காரரிடம் கையை நீட்டினான். "கடைசிப் பக்கத்தை நான் ஒட்டட்டோ? இது என்ரை வேலைதான்."

மீசைக்காரர் மறுபடியும் வதனியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். இதற்கு மட்டும் தலை உடனே ஆடியது.

மிஞ்சியிருந்தது தலைமாட்டுப் பக்கம். ஏர்னஸ்ற் முழங்காலில் இருந்தான். சட்டை நுனியால் தகட்டின் விளிம்பைத் துடைத்தான், ஒருமுறை துடைத்ததை மறுபடி துடைத்தான். இரும்பை வைத்து, ஈயக்கம்பியை அதன் முனையில் தொட்டான். முகத்தைத் தகட்டுக்கு மிக அருகே கொண்டுபோனான். அவ்வளவு அருகே போகத் தேவையில்லை. அவனுடைய உதடு அசைந்தது. என்ன சொன்னான் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. கீழே பாட்டு முடிந்து, ஒரு ஸ்கூட்டர் சந்து வழியே போனது. பாஸ்ரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கப்போய், பார்க்காமல் கையை இறக்கிக்கொண்டார்.

வதனி நின்ற இடத்தில் நின்றாள். மற்ற மூன்று பக்கத்திலும் ஈயம் அங்கங்கே சொட்டிப் பிதுங்கிக் கிடந்தது. தலைமாட்டில் மட்டும் அது ஒரு நூல் பிசகாமல் மூலைவரை போய் முடிந்தது. இரும்பைத் திருப்பிக் கொடுத்த பிறகும் ஏர்னஸ்ற் எழும்பவில்லை. குனிந்தபடி, அந்தக் கோடு ஆறும்வரைக்கும் மெல்ல மெல்ல ஊதிக்கொண்டிருந்தான்.